இரண்டு விரல் இரும்பு

கடைகள் அடைத்து ஊர் அடங்கிய நேரம். பட்டறையிலிருந்து கீழே இறங்கும் சாலை. ஆள் இல்லை, விளக்கும் இல்லை... என் நண்பரின் மாமனார் அதில் தனியாக நடந்து வந்தார். கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். உரக்கச் சொல்லக்கூடிய விஷயமில்லை இது.

பெரியவர் முதுகு வளைந்து யாரும் பார்த்ததில்லை. "எங்க குடும்பத்துல..." என்று ஆரம்பித்தால் எதிரில் இருப்பவர் தானாக நிமிர்ந்து உட்காருவார். அன்று அவரை வரச் சொல்லியிருந்தவர், பழைய பந்தய வண்டிகளைச் சீர்செய்யும் பட்டறைக்காரர். தரையை ஒட்டி ஓடும் கோ-கார்ட் ஒன்று அவர் கைக்கு வந்திருந்தது. பலர் கை மாறிய வண்டி. இருக்கை வேறு, பின் அச்சு வேறு. எண் பொறித்த இடத்தை யாரோ அரத்தால் ராவியிருந்தார்கள். இன்ஜினே கிடையாது.

"தாத்தாவுக்குப் பேரன் சட்டையை மாட்டிவிட்ட மாதிரி இருக்கு. ஆனா எலும்பு பழசுங்கய்யா," என்று சிரித்தார் பட்டறைக்காரர். "உங்க தம்பி ஓட்டி ஜெயிச்ச வண்டின்னு நினைக்கிறேன். நீங்க ஆமான்னு சொன்னா அவர் பேரைப் போட்டே கண்காட்சியில வைப்பேன்."

"எதை வச்சுச் சொல்றீங்க?"

பட்டறைக்காரர் டார்ச் அடித்தார். பிரேக் பெடலின் முகத்தில் இரண்டு விரல் கனத்துக்கு ஓர் இரும்புத் துண்டு.

"மத்ததெல்லாம் பின்னால வந்தவங்க வேலை. இது மட்டும் ஆதியிலேயே வச்சது. அடிப் பெயிண்ட் இது மேலயும் இருக்கு பாருங்க. இடது கால் குட்டையா இருந்த யாருக்கோ பத்த வச்சிருக்காங்க. உங்க தம்பிக்குக் கால்ல ஏதாவது..."

பெரியவருக்குத் தெரியாதா? அந்தத் துண்டைப் பற்றவைத்தபோது குறடால் பிடித்துக்கொண்டிருந்தவரே அவர்தான். தம்பி அந்த வண்டியில் ஒரு கீறல்கூடப் படாமல் ஓட்டினான். ஜெயித்தான். பிறகு ஒரு காய்ச்சலில் போய்விட்டான். அவன் கால் சங்கதி மட்டும் வீட்டுச் சுவரைத் தாண்டியதே இல்லை. இப்போது பேத்திக்கு வரன் பேசிக்கொண்டிருக்கிறார்கள். மாப்பிள்ளை வீட்டார் காதில் விழுந்தால்?

"எங்க வம்சத்துல யாருக்கும் ஒரு குறையும் கிடையாது. இது என் தம்பி வண்டி இல்ல."

"அட, என் மூக்கை உடைச்சிட்டீங்களே! அப்ப இந்த ஒட்டு எதுக்கு? எடுத்துடுவோம்."

அறுக்கும் மெஷினை எடுத்தார். பெரியவர் டார்ச்சை வாங்கிப் பிடித்துக்கொண்டார்.

கிர்ர்ர்ர்... டங்.

பட்டறையை விட்டுக் கிளம்பிய பெரியவர் பாதி இறக்கம் வந்திருப்பார். முதலில் வாசனைதான் வந்தது. விளக்கெண்ணெய் கருகும் வாசனை. அந்தக் காலத்துப் பந்தய வண்டிகளில் பெட்ரோலோடு அதைத்தான் கலப்பார்கள்.

பிறகு, முதுகுக்குப் பின்னால் சங்கிலி உருளும் சத்தம். கட... கட... கடகடகட... அதன் மேல் குளவி போல ஓர் இரைச்சல். இன்ஜின் இரைச்சல்.

திரும்பிப் பார்த்தார். சாலை காலி.

இரைச்சல் மட்டும் இறங்கி வந்தது. சரளைக்கல் தெறித்துக் கணுக்காலில் பட்டது. அனல் காற்று அவரை உரசிக்கொண்டு போனது. போகும்போது... முழங்காலுக்கும் கீழே, தரையோரத்திலிருந்து ஒரு குரல்.

"அண்ணா... கால் எட்டல."

"என் தம்பி வண்டிதான்!" என்று கத்தினார் பெரியவர். "டேய்... என் தம்பிதான்டா நீ!"

இரைச்சல் நிற்கவில்லை. சாலை முடியும் இடத்தில் கருங்கல் சுவர். காதைப் பொத்திக்கொண்டு, மோதும் சத்தத்துக்காகக் காத்து நின்றார்.

வரவில்லை.

பேத்தி கல்யாணம் முடிந்து வருஷங்கள் ஆயிற்று. இப்போதும் வீட்டில் எல்லோரும் பேசிக்கொண்டிருக்கையில் பெரியவர் திடீரென்று கையை உயர்த்தி, "உஷ்..." என்பார். அது இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறதாம்.

வேகம் கூடிக்கொண்டே போகிறதாம்.