மூணாம் வகுப்பு தள்ளணும்

அகோர்: நீங்க எழுந்திருக்காதீங்க, சுகமய் பாபு! உக்காருங்க, உக்காருங்க.

சுகமய்: எல்லாரும் இறங்கணும்னு கார்டு கத்திக்கிட்டுப் போறாரே, அகோர்-தா…

அகோர்: அது இந்த ரயிலோட வழக்கம். பாலத்துக்கு முன்னாடி மேடு. மழை பேஞ்சா சக்கரம் வழுக்கும். முதல் வகுப்பு உக்காரணும், ரெண்டாம் வகுப்பு நடக்கணும், மூணாம் வகுப்பு தள்ளணும்.

சுகமய்: நாம ரெண்டாம் வகுப்புதானே? நடக்கலாம் வாங்க.

அகோர்: என் தங்கச்சியைப் பொண்ணு பாக்க வர்றவரைச் சேத்துல நடக்க விட்டேன்னா எங்கப்பா தோலை உரிச்சிடுவார். கார்டுகிட்ட சொல்லிட்டேன்.

சுகமய்: டிக்கெட்டையும் குடுத்துட்டு, தள்ளவும் சொல்றாங்களா?

அகோர்: இதென்ன சர்க்கார் ரயிலா? கம்பெனி ரயில். கல்கத்தாவுல வெள்ளைக்காரன் மின்விசிறிக்குக் கீழ உக்காந்து லாபத்தை வாங்கிக்கறான். முதுகு நம்மளோடது.

சுகமய்: உங்கப்பா ஜங்ஷனுக்கு வரலையே?

அகோர்: அவருக்கு… வாதம். முட்டி மடங்கல. கட்டிலே கதி. உங்கப்பா காசியில சௌக்கியம்தானே?

சுகமய்: ம்… கங்கையில குளியல், கோயில்… உலகத்தையே விட்டுட்டார்.

அகோர்: புண்ணியவான்! அட, அங்க பாருங்க… ஒரு கிழவர் செருப்பைக் கக்கத்துல இடுக்கிக்கிட்டுத் தள்றார். தேஞ்சிடுமாம்!

சுகமய்: …பட்டிக்காட்டான்.

அகோர்: உங்களையே பாக்கறாரே?

சுகமய்: என்னை ஏன் பாக்கணும்? நீங்க அவருக்குப் பக்கத்துல பாருங்க. ஒரு கையில இலிஷ் மீனைத் தூக்கிப் பிடிச்சிக்கிட்டு, ஒத்தைக் கையால தள்றார் ஒருத்தர். யார் வீட்டு விருந்துக்கோ!

அகோர்: யாரோ… சாரல் அடிக்குது, ஜன்னலை மூடட்டுமா?

சுகமய்: மூடுங்க… இருங்க, இருங்க. ரெண்டு பேரும் பேசிக்கறாங்க.

அகோர்: பேசறாங்களா? என்னன்னு?

சுகமய்: கேக்கல. சிரிக்கறாங்க.

அகோர்: கிழவங்களுக்கு வாய் சும்மா இருக்காதே! கார்டைக் கூப்பிட்டு ஆளுக்கொரு பக்கமா நிறுத்தச் சொல்லட்டுமா?

சுகமய்: சொல்லுங்க, சீக்கிரம்! …ஆமா, அவங்க பேசினா உங்களுக்கென்ன?

அகோர்: எனக்கென்ன? உங்க முகம்தான்…

சுகமய்: ஐயோ! வழுக்கிட்டார்!

அகோர்: யாரு? மீன் வச்சிருந்தவரா?

சுகமய்: இல்ல, செருப்பு… குப்புற விழுந்துட்டார். சேறெல்லாம் முகத்துல. மத்தவர் மீனைத் தூக்கிப் போட்டுட்டு அவரைத் தூக்கறார்.

அகோர்: மீனைப் போட்டுட்டாரா!

சுகமய்: தன் வேட்டியால முகத்தைத் தொடைச்சு விடறார்…

அகோர்: பாபு, எங்க எழுந்திருக்கறீங்க?

சுகமய்: பொண்ணு பாக்க நான் வரல, அகோர்-தா. அந்த யோக்கியதை எனக்கில்ல.

அகோர்: என்ன பேச்சு இது!

சுகமய்: எங்கப்பா காசியில இல்ல. ஹௌரா ஸ்டேஷன்ல மூட்டை தூக்கறார். “பொண்ணு வீட்டை எட்ட நின்னு ஒரு தடவை பாத்துட்டுத் திரும்பிடறேன், உன்கிட்ட பேசக்கூட மாட்டேன்”னார். மூணாம் வகுப்புல ஏறச் சொன்னேன். இப்ப விழுந்தாரே…

அகோர்: செருப்பை இடுக்கிக்கிட்டுத் தள்ளினாரே, அவரா!

சுகமய்: பட்டிக்காட்டான்னு சொன்னேன் பாருங்க… இந்த வாயால. திட்டுங்க, அகோர்-தா. இல்லன்னா வழி விடுங்க, நான் இறங்கணும்.

அகோர்: இருங்க… நானும் வர்றேன். உங்களை ரெண்டாம் வகுப்புல கூட்டிட்டு வந்ததுல எங்க கை காலி. மாப்பிள்ளைக்கு நல்ல மீனா நானே பாத்து வாங்கறேன்னு ஜங்ஷன் வரைக்கும் வந்தவர்… அவரையும் நான் மூணாம் வகுப்புலதான் ஏத்தினேன். உங்கப்பா முகத்தைத் தொடைக்கறாரே… எங்கப்பா.