ஒரு மணி அடித்தால் வா

பழைய சைக்கிளுக்குப் பிரேக் என்பது மன ஆறுதலுக்குத்தான், இன்ஸ்பெக்டர் சார். இந்தத் தெருவில் பிடித்தால் அடுத்த தெருவில் நிற்கும். அதனால்தான் எங்கள் கோஷ்டிக்கு மணி முக்கியம்.

ஞாயிறு விடிந்தால் எங்களுக்குக் கால் தரையில் நிற்காது. பல் டாக்டர், தையல்காரர், கணக்கு டீச்சர், மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கும் நான். எல்லாரிடமும் எங்கள் அப்பாக்களைவிட வயதான சைக்கிள்கள். கிரீச் கிரீச்சென்று ஊரையே எழுப்பிக்கொண்டு போவோம். டாக்டரின் செயின் கழன்றால் சிரிப்பு. தையல்காரரின் பேன்ட்டே அவர் செயினில் மாட்டிக் கிழிந்தால் வண்டியை நிறுத்திவிட்டுச் சிரிப்பு.

முன்னால் போவது நான். திருப்பத்தைத் தாண்டிப் பார்த்து ஒரு மணி அடித்தால் 'பாதை காலி, வா'. இரண்டு அடித்தால் 'நில்'. மணி கேட்கும்வரை யாரும் அசைய மாட்டார்கள். 'மணியக்காரர்' என்றுதான் என்னைக் கூப்பிடுவார்கள். வீட்டில் என் பேச்சு எடுபடாது. ஞாயிறு காலையில் மட்டும் நான் ராஜா.

என் மனைவியின் தம்பியைச் சேர்த்துவிட்டதும் நான்தான். "பத்திரமா கூட்டிட்டுப் போங்க, எனக்கு இருக்கறது ஒரே தம்பி" என்றாள். தங்கமான பையன். வந்த அன்றே டீச்சருக்குச் சீட்டைத் தாழ்த்திக் கொடுத்தான், டாக்டரின் செயினை இழுத்துக் கட்டினான். எனக்கு அவனை ரொம்பப் பிடிக்கும். இப்போதும் பிடிக்கும்.

போன ஞாயிறு கழுத்தில் ஒரு விசிலோடு வந்தான்.

"மாமா, உங்க மணி பின்னாடி யாருக்குமே கேக்கறதில்ல. அடுத்த வாரத்துலேருந்து விசில்தான். நான் முன்னாடி போறேன், நீங்க ஜாலியா கடைசில வாங்க."

ஊதியும் காட்டினான். டீச்சர் கைதட்டினார். "அப்பாடா, மணியக்காரருக்கு ரிட்டையர்மென்ட்" என்றார் டாக்டர். எல்லாரும் சிரித்தார்கள், நானும் வயிறு வலிக்கச் சிரித்தேன். கோபத்தில் செய்தேன் என்று எழுதிவிடாதீர்கள். அன்று நான் அவ்வளவு குஷியாக இருந்தேன்.

டயர் கம்பெனி மதிலை ஒட்டி ஓர் இறக்கம் உண்டு. அதற்காகத்தான் வாரம் முழுக்கக் காத்திருப்போம். பெடலிலிருந்து காலை எடுத்துவிட்டுக் கூச்சல் போட்டுக்கொண்டு இறங்குவோம். அன்றும் வழக்கம்போல அவர்கள் மேலே நிற்க, நான் முதலில் காலைத் தரையில் தேய்த்துக்கொண்டே மெதுவாக இறங்கித் திருப்பத்தைத் தாண்டினேன். எதிரே ஒரு தண்ணீர் லாரி, பாதையை அடைத்துக்கொண்டு ஏறி வந்தது. என் சைக்கிளை மதிலோரம் சாய்த்து வைத்தேன். லாரி கொஞ்சம் பக்கத்தில் வரட்டும் என்று பொறுத்திருந்துவிட்டு ஒரு மணி அடித்தேன்.

அவன்தான் முதலில் வந்தான். இரண்டு காலையும் விரித்துக்கொண்டு, "மாமோய்" என்று கத்திக்கொண்டு. ஒருவரை அவ்வளவு சந்தோஷமாக நான் பார்த்ததே இல்லை. பின்னால் வந்த டாக்டர் மதிலில் மோதி, கால் முறிந்ததோடு தப்பித்தார். அவரைப் பற்றி நான் யோசிக்கவில்லை, அது என் தப்புதான்.

"நீங்களாவது திரும்பி வந்தீங்களே" என்று என் மனைவி என் தோளில் சாய்ந்து அழுதாள். நானும் அழுதேன், நடிப்பில்லை.

கை தவறி அடித்துவிட்டேனா என்று கேட்கிறீர்கள். நான் மணியைத் தவறாக அடித்ததே கிடையாது, சார். லாரியைப் பார்த்தேன், அவனுக்காகவே ஒன்று அடித்தேன்.

மற்றவர்களிடம் ஒன்றை மட்டும் எடுத்துச் சொல்லுங்கள். என் மணி கேட்பதில்லை என்றது அவன்தான். கேட்காமல் இருந்திருந்தால் அவன் வந்திருப்பானா?