கொரியாவுக்கு ஒரு கட்டம், ஜப்பானுக்கு ஒரு கட்டம்

அப்ப இண்டைக்கே அவளைச் சாமானெல்லாம் அடுக்கச் சொல்லுறியளோ? இருங்கோ பிள்ளை, முதல் அந்தக் கதிரையில இருங்கோ. நான் இப்பத்தான் வேலையால வந்தனான், சப்பாத்துக் கூடக் கழட்டேல்லை. விடிய அஞ்சு மணிக்கு வெளிக்கிட்டு மிசிசாகாவுக்குப் போய், பிளேனில போற சனத்துக்குச் சாப்பாடு கட்டிப்போட்டு வாறன். வந்து பாத்தா வாசலில நீங்கள் ஃபைலோட நிக்கிறியள். எங்கட வீட்டில நிண்டு படிக்கிற சயூரியை வேற வீட்டுக்கு மாத்தப் போறியளாம். ஏன் மாத்தவேணும்? பிள்ளை இஞ்ச பட்டினி கிடந்தவளோ? குளிரில நடுங்கினவளோ? இல்லையெல்லே. ஃபோமில நான் பொய் எழுதினதுதான் உங்கட ஒபிசுக்குப் பிரச்சினை. இந்த வீட்டில பெரியாக்கள் ரெண்டு பேர், நானும் மனிசன் றெமிஜியஸும் எண்டு எழுதினனான். அதில என்ன பொய் கண்டியள்?

மகனோ? மகன் கல்கரியில, பிளேனில நாலு மணித்தியாலம். அங்க வேலை. சேர்ச்சில ஆரையும் கேட்டுப் பாருங்கோ, சொல்லுவினம்.

கொஞ்சம் மெல்லக் கதையுங்கோ. நான் கத்தேல்லை பிள்ளை, என்ர குரலே இதுதான். நீங்கள் இந்தியாவோ? மதுரைப் பக்கமோ. உங்கட தமிழ் எனக்கு நல்லா விளங்குது, நாள் முழுக்க டிவியில கேக்கிறதுதானே. என்ர தமிழ் விளங்காட்டிச் சொல்லுங்கோ ரோகிணி, ஆறுதலாச் சொல்லுறன். கோவத்தை மட்டும் என்னால ஆறுதலாச் சொல்ல ஏலாது.

ஆறு வருசத்துக்கு முதல், நாங்கள் வெளிநாட்டுப் பிள்ளையளை வீட்டில வச்சிருக்கத் துவங்கேக்க, உங்கட ஒபிஸ் ஒரு புத்தகம் தந்தது. நடுப் பக்கத்தில மூண்டு கட்டம் கீறிக் கிடக்கு. கொரியாப் பிள்ளையள் தாய் தேப்பன் சொல்லுக் கேப்பினம், உயிரைக் குடுத்துப் படிப்பினம். ஜப்பான் பிள்ளையள் மனசில உள்ளதைச் சொல்லாயினம், அமைதி. அமெரிக்காப் பிள்ளையள் சொந்தக் காலில நிப்பினம், அவையளை நோண்டிக் கேக்கக் கூடாது. ஆர் உதை எழுதினது? எழுதின ஆள் அதில ஒரு பிள்ளைக்காவது மூண்டு நேரம் சாப்பாடு போட்டதோ? போட்டிருந்தா உப்பிடிக் கட்டம் கீற மனம் வந்திராது. நானும் விசரி, அதை ஃபிரிட்ஜ் கதவில ஒட்டி வச்சிருந்தனான்.

முதல் வந்தவன் ஜிஹூன். கொரியாப் பெடியன், பதினேழு வயசு. தேப்பன் சியோலில தனிய இருந்து உழைக்கிறார். தாய் கடைசிப் பெட்டைப்பிள்ளையோட வான்கூவரில. இவன் இஞ்ச. பிள்ளையளின்ர படிப்புக்காக ஒரு குடும்பம் மூண்டு இடத்தில சமைச்சுச் சாப்பிடுது. பின்னேரமானா தாய் வீடியோவில வந்து கொப்பியைக் காட்டு எண்டு கேப்பா. அவனும் ஒவ்வொரு ஒற்றையாத் திருப்பிக் காட்டுவான். எனக்கு அதைப் பாக்கக் கண் நிறைஞ்சு போச்சு. என்ர மகன் அப்ப யூனிவேர்சிற்றியில ரெண்டாம் வருசம், இஞ்சினியரிங், ரெண்டு பாடம் பெயில். சாப்பாட்டு மேசையில வச்சு நான் அவனுக்குச் சொல்லாத சொல்லில்லை. பார் அந்தப் பெடியனை, பார் அவன்ர கையெழுத்தை, பார் அவன் தாயோட கதைக்கிற விதத்தை. பத்தாததுக்கு, மகன்ர அறையையும் மேசையையும் ஜிஹூனுக்குக் குடுத்தனான். படிக்கிற பிள்ளைக்கு வெளிச்சம் வேணும், நீ கீழ பேஸ்மென்றில படு எண்டனான். அவன் தலகாணியைத் தூக்கிக்கொண்டு இறங்கிப் போனவன்.

கேளுங்கோ, இன்னும் முடியேல்லை. ஒருநாள் ஜிஹூன் பாத்ரூமுக்குள்ள தண்ணியைத் திறந்து விட்டிட்டு ரெண்டு மணித்தியாலம் அழுதவன். கதவைத் தட்டினா, ஓகே அன்ரி, ஓகே அன்ரி எண்டுறான். கணக்கில எண்பத்தெட்டு வந்திட்டுதாம், தாய்க்குக் காட்டப் பயமாம். எண்பத்தெட்டுக்கு! என்ர பிள்ளைக்கு வந்திருந்தா நான் வீட்டில பத்துப் பேரைக் கூப்பிட்டுச் சாப்பாடு குடுத்திருப்பன். அந்த அழுகை உங்கட கட்டத்துக்குள்ள எந்த வரியில கிடக்கு, காட்டுங்கோ பாப்பம்.

பேந்து வந்தவன் ரைலர், ஒஹாயோப் பக்கம். இஞ்ச யூனிவேர்சிற்றியில படிக்க வந்தவன். பதினெட்டு முடிஞ்சு இவன் வெளிக்கிட்ட கிழமையே தாய் இவன்ர கட்டிலைத் தூக்கிப்போட்டு, அறைக்குள்ள ஏறி நிண்டு ஓடுற மெசின் வாங்கி வச்சிட்டா. அந்தப் படத்தை எங்களுக்குச் சிரிச்சுச் சிரிச்சுக் காட்டினவன். எங்கட மனிசனுக்கு அது நல்லாப் பிடிச்சுப் போச்சு. பாத்தியோ, அவங்கள் பதினெட்டில பிடிச்சு வெளியில விடுறாங்கள், அதாலதான் உலகத்தை ஆளுறாங்கள், நாங்கள் பொத்திப் பொத்தி வச்சுப் பிள்ளையைப் பழுதாக்கிப் போட்டம் எண்டு துவங்கினார். மகன் அப்ப படிப்பை விட்டிட்டு, ஒரு வேலையிலயும் நிலைக்காமல் நிண்டவன். ரைலருக்கு முன்னாலயே இவர் கேட்டார், ஒண்டில் வேலைக்குப் போ, இல்லாட்டி வீட்டை விட்டு வெளியில போ, எது வசதி எண்டு. நானும் பக்கத்தில நிண்டனான். அமெரிக்கா சரி போல கிடக்கு எண்டு நினைச்சன்.

அந்தக் கிறிஸ்மஸுக்கு ரைலர் ஊருக்குப் போகேல்லை. ஏன் போகேல்லை எண்டு கேட்டா, படுக்க இடமில்லையாம். சிரிச்சுக்கொண்டுதான் சொன்னவன். எங்களோட பூசைக்கு வந்திட்டு, நீங்கள் இருக்கிற இதே கதிரையில இருந்து பாணும் ஆட்டிறைச்சிக் கறியும் சாப்பிட்டான். பிறகு தாய்க்குப் போன் எடுத்தான். அவ எடுக்கேல்லை. திருப்பி எடுத்தான். மூண்டு தரம் எடுத்தான் பிள்ளை. சொந்தக் காலாம், மண்ணாங்கட்டி.

மகனோ? அதுக்குப் பிறகுதான் கல்கரி. சொன்னனானே.

சரி, சயூரி. அவளுக்குத்தானே வந்தனீங்கள். நாலு மாசமா இஞ்ச இருக்கிறாள், பத்தொன்பது வயசு, இங்கிலிஸ் படிக்கிறாள், பின்னேர வகுப்பு. ஜப்பான் பிள்ளையள் மனசில உள்ளதைச் சொல்லாயினமெல்லே? வந்து மூண்டாம் நாள், சாப்பிட்டுக்கொண்டிருக்கேக்க, போனில எழுதி, மொழிபெயர்த்து எனக்கு நீட்டுறாள். தனக்கு ஒரு தமையன் இருக்கிறானாம். ஏழு வருசமா அறையை விட்டு வெளியில வரேல்லையாம். தாய் கதவடியில சாப்பாட்டை வச்சிட்டுப் போவாவாம். அக்கம்பக்கத்துக்கு, அவன் ஒசாக்காவில வேலை எண்டு சொல்லி வச்சிருக்கினமாம். அப்பிடியான ஆக்கள் அங்க லட்சக்கணக்கில எண்டும் எழுதினவள். எனக்குப் பத்திக்கொண்டு வந்திட்டுது. உதை ஏன் என்னட்டைச் சொல்லுறாய் எண்டு கத்திப்போட்டுக் குசினிக்குள்ள அடுப்படிக்குப் போயிட்டன். மற்ற நாளும் அவள் சிரிச்சுக்கொண்டு குட்மோர்னிங் சொன்னவள்.

ஏன் சொன்னவள் எண்டு எனக்குத் தெரியும். வீட்டில சாப்பிடுறது மூண்டு பேர். நான் சோறு போடுறது நாலு பிளேட். அவளுக்கு எண்ணத் தெரியாதோ?

ஓம் பிள்ளை. இனி என்ன, எழுதுங்கோ. மரியோ. வயசு இருபத்தாறு. கல்கரி எண்டது உந்தக் கதவைத் திறந்து பன்னிரண்டு படி இறங்கிற தூரம். மெல்லக் கதைக்கச் சொன்னது அதாலதான், சூடு வாற ஓட்டைக்குள்ளால குசினிச் சத்தம் முழுக்கக் கீழ கேக்கும். வீட்டில பதினெட்டுக்கு மேற்பட்ட ஆக்கள் எல்லாருக்கும் பொலிஸ் செக் வேணும் எண்டு உங்கட சட்டம் சொல்லுது. எனக்கும் தெரியும். அதுக்கு அவன் பொலிசுக்குப் போய் முகத்தைக் காட்ட வேணும். பெத்த தாய் நான், பதினாலு மாசமா அந்த முகத்தைக் காணேல்லை. பிளேட்டைப் படியில வைக்கிறன், கழுவித் துடைச்சு அதே படியில திரும்பி வரும். போனில மெசேஜ் போட்டா, ஓகே எண்டு வரும். டொக்ரரிட்டைப் போனம். ஆள் நேரில வர வேணுமாம். ஆள் நேரில வருமெண்டா நான் ஏன் அவரிட்டைப் போறன்? சேர்ச்சில என்னத்தைச் சொல்லுறது? அவையளின்ர பிள்ளையள் ஆளுக்கொரு வீடு வாங்கி நிக்குதுகள்.

சரி, இப்ப சொல்லுங்கோ. ஆர் உங்களுக்கு முறைப்பாடு போட்டது? சயூரியோ? நாலு மாசம் என்ர கையால சாப்பிட்டிட்டு என்னைப் பற்றி முறைப்பாடோ? முறைப்பாடில்லையோ? அப்ப என்னத்தைப் பாத்திட்டு வந்தனீங்கள்? மாசக் கடைசியில பிள்ளையள் நிரப்பிற பேப்பரோ. எங்க, வாசியுங்கோ. இங்கிலிஸில வேண்டாம், தமிழில சொல்லுங்கோ.

திருப்பிச் சொல்லுங்கோ.

ஆர் முட்டை பொரிச்சுக் குடுத்தது? மரியோவோ? இந்தக் குசினியிலயோ? நல்லாப் பாத்துச் சொல்லுங்கோ பிள்ளை, அவள் கீழ போய்ச் சாப்பிட்டாள் எண்டோ எழுதியிருக்கு, அவன் மேல வந்தான் எண்டோ? மேல வந்தவன். எத்தினை மணிக்கு? செவ்வாயும் வியாழனும், காலமை ஒன்பது மணிக்கு. எத்தினை கிழமையா? மனிசனும் வேலைக்குப் போயிடுவார், நான் அந்த நேரம் முன்பின் தெரியாத சனத்துக்கு ஒம்லெற் அடுக்கிக்கொண்டு நிக்கிறன். முட்டைக்குப் பச்சை மிளகாய் போட்டவனாமோ? அவன் உறைப்புக்காரன். வேற என்ன எழுதியிருக்கு? தனக்கு ஹொக்கி விளங்கப்படுத்தினவன் எண்டோ. அப்ப கனக்கக் கதைச்சிருக்கிறான். சிரிச்சவனாமோ? தாடி வளத்திருக்கிறானோ, மெலிஞ்சு போனானோ, அதொண்டும் அவள் எழுதேல்லையோ?

எனக்குத் தண்ணி வேண்டாம். நீங்கள் இருங்கோ.

பேப்பரில நல்லபடியா எழுதின பிள்ளையை, அந்தப் பேப்பரையே காட்டி இஞ்சயிருந்து கூட்டிக்கொண்டு போகப் போறியள். என்ன ஒபிஸ் நடத்திறியள் நீங்கள்? பொய் எழுதினது நான். என்ர பேரை வெட்டுங்கோ, இனி எனக்கு ஒரு பிள்ளையும் அனுப்ப வேண்டாம், சம்மதம். இவளை மட்டும் படிப்பு முடியுமட்டும் விடுங்கோ. தாய் தேப்பனிட்டைக் கேக்க வேணுமெண்டா ஜப்பானுக்குப் போன் போட்டுத் தாங்கோ, நானே கதைக்கிறன். எனக்கு ஜப்பான் பாசை தெரியாட்டி என்ன, அந்தத் தாய்க்கு நான் சொல்லுறது விளங்கும்.

உங்கட மனேச்சர் வந்து பாக்க வேணுமோ? வரட்டும். எப்ப? நாளைக்குக் காலமையோ? நாளைக்கு வியாழன். காலமை வேண்டாம், பின்னேரம் வரச் சொல்லுங்கோ. என்ன, நான் நாளைக்கு லீவு போட்டு வீட்டில நிக்கலாமோ? விசர்க் கதை கதையாதேங்கோ பிள்ளை. நான் வழமை போல அஞ்சு மணிக்கு வெளிக்கிட்டிடுவன். நான் வீட்டில நிண்டா அவன் மேல வரமாட்டான்.