வெள்ளைக் கைக்குட்டை

வெர்னா: கதவத் தொறடா எல்டன், கை சுடுது! ஆப்பிள் கேக்.

எல்டன்: என்னக்கா திடீர்னு? இன்னிக்கு யாருக்குப் பொறந்தநாள்?

வெர்னா: நன்றி சொல்ல வந்தேன்டா. நீ குடுத்த ஆரஞ்சுத் தொப்பிக்கு.

எல்டன்: "பூசணிக்கா மாதிரி இருக்கு, போட மாட்டேன்"னு என்னா ஆட்டம் ஆடுன...

வெர்னா: ஆமா, ஆடுனேன். இப்ப உன் புண்ணியத்துல உசுரோட நிக்கறேன். போதுமா?

எல்டன்: ...ஏன், என்னாச்சு?

வெர்னா: சனிக்கிழமை மேட்டுக்காட்டுக்கு ஃபிர் மரக் கொழுந்து ஒடிக்கப் போனேன். கதவுல மாட்டற கிறிஸ்துமஸ் தழை வளையம் கேட்டு பாங்கர் டவுன்லேந்து ஆள் வருதுன்னு...

எல்டன்: மான் வேட்டை நடக்கறப்பயா? ஞாயித்துக்கிழமை போனா என்ன? அன்னிக்கு ஒருத்தனும் சுடக் கூடாதுன்னு சட்டமே இருக்குல்ல!

வெர்னா: ஞாயித்துக்கிழமை மழைன்னாங்கடா. கேளு முதல்ல. குனிஞ்சு ஒடிச்சுக்கிட்டிருக்கேன், மூக்கு ஒழுகுது. கைக்குட்டைய எடுத்து...

எல்டன்: வெள்ளை! காட்டுக்குள்ள வெள்ளைத் துணி! மான் வாலத் தூக்குனா அப்படியேதான் பளிச்சுன்னு தெரியும். எத்தன தடவ சொல்லிருக்கேன்!

வெர்னா: கத்தாத. சளி புடிச்சவ கலர் பாத்துக்கிட்டிருப்பாளா? தும்முனேன். உடனே மேல புதருக்குள்ள யாரோ பொத்துனு உக்காந்த மாதிரி ஒரு சத்தம்.

எல்டன்: கிளை முறிஞ்சு விழுந்திருக்கும்.

வெர்னா: அப்புறம் அழுகைச் சத்தம். கிளை தேம்பித் தேம்பி அழுமாடா?

எல்டன்: ...காபி போடட்டுமா?

வெர்னா: உக்காரு. யாரு பெத்த புள்ளையோ, என் தலையில ஆரஞ்சுத் தொப்பியப் பாத்துட்டு, மான் இல்ல ஆளுன்னு தெரிஞ்சு துப்பாக்கி விசையிலேந்து விரல எடுத்திருக்கான். நல்லா இருக்கட்டும்.

எல்டன்: தொப்பி எங்கக்கா உன் தலையில இருந்துச்சு? அதத்தான் மரத்துக்குப் பின்னால மாட்டிருந்தியே!

வெர்னா: அது உனக்கு எப்படிடா தெரியும்?

எல்டன்: இல்ல... நீ எப்பவும் அப்படித்தான... தலை அரிக்குதுன்னு...

வெர்னா: சரி. வாரம் முழுக்க ஏன்டா வேட்டைக்குப் போகல?

எல்டன்: முட்டி வலி.

வெர்னா: துப்பாக்கியத் துணியில சுத்திப் பரண்ல போட்டதும் முட்டி வலியாலயா? உன் பொண்டாட்டி சொல்லிட்டா. குளிர் காலத்துக்குக் கறி இல்லாம புள்ளைங்க என்ன திங்கும்?

எல்டன்: இனிமே தொட மாட்டேன்க்கா. விரல் விசைமேலதான் இருந்துச்சு... கொம்பு தெரியட்டும், கொம்பு தெரியட்டும்னு பாத்துக்கிட்டே இருந்தேன். உன் தும்மல் கேட்டுச்சு. ஊரே கேலி பண்ற தும்மல்... நான் மட்டும் அவசரப்பட்டிருந்தா...

வெர்னா: படலியே!

எல்டன்: உனக்கு எப்படிச் சொல்றதுன்னே தெரியல. தொப்பிதான் காப்பாத்துச்சுன்னு நெனச்சுக்கோன்னு விட்டுட்டேன்.

வெர்னா: மக்கு! தொட்டில்லேந்து நீ அழற சத்தம் எனக்குத் தெரியாதா? கூப்புட்டா கூசிப் போவியேன்னுதான் பேசாம எறங்கி வந்தேன். நான் செவப்புக் கைக்குட்டை வாங்கிட்டேன், தொப்பியும் இனிமே கழட்ட மாட்டேன். நீ துப்பாக்கிய எறக்கு. அப்புறம், தொப்பிக்காக எவளாவது கேக் சுடுவாளாடா? சுடாத கைக்குச் சுட்டது இது. ஆறிடப் போகுது, தின்னு.