உள்பக்கம் துடைக்கிறவ

யாரு, நம்ம சூப்பர்வைசர் சாரா? உங்க பொண்ணுக்கா பாக்குறீங்க? இருங்க ஐயா, இந்தத் தட்டக் கீழ வச்சிடறேன். கை வழுக்குது. ம்ம்... இப்பச் சொல்லுங்க. பொண்ணுக்கு. நம்ம சாரை. அப்படியா. நல்ல விஷயம்தானே.

அந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு உக்காருங்க. வாளிய நான் நகத்திக்கிறேன். இந்தக் கூல்டிரிங்க்ஸ் மெஷின்ல காசு கீசு போட்டுடாதீங்க, பிளக்கப் புடுங்கி வச்சிருக்கேன், இன்னைக்கு ஒண்ணும் விழாது. பழைய மெஷினு. முன்கண்ணாடியும் ஸ்டிக்கரும்தான் புதுசு, அது சாரோட ஏற்பாடு. அந்த ஜூஸ் படத்தப் பாத்தா யாருக்கும் தாகம் எடுக்கும். கதவத் தொறந்தாத்தான் சங்கதி தெரியும். எப்பவோ ஒரு டின்னு வெடிச்சு, சக்கரைத் தண்ணி உள்ள பூரா ஒழுகி, தகரத்தோட தகரமா ஒட்டிக் கெடக்கு. இந்தச் சுருள் கம்பிச் சந்தப் பாருங்க. மூக்கப் பொத்திக்கங்க, நாறும்.

நீங்க பாட்டுக்குக் கேளுங்க. கை ஒரு பக்கம், வாய் ஒரு பக்கம். வாட்ச்மேன் என்ன சொன்னாரு? கல்யாணம் ஆகலன்னாரா. ஆபீஸ் கிளார்க்கம்மாவும் அதத்தான் சொன்னாங்களா. ஆமா, இங்க யாரக் கேட்டாலும் அதத்தான் சொல்லுவாங்க. பொய் சொல்றவங்க இல்ல, பாவம், தெரிஞ்சதச் சொல்றாங்க.

கெட்ட பழக்கமா? சேச்சே. தண்ணி கிடையாது, சிகரெட்டு கிடையாது. வாயில விரல வச்சாக்கூடக் கடிக்கத் தெரியாது. ரொம்பச் சிக்கனம் வேற. பேஸ்டு தீந்துபோனா டியூபைக் கத்தரிக்கோலால வெட்டி வழிச்சு எடுப்பாரு. அது எனக்கெப்படித் தெரியுமா? இந்தா, இந்தச் சந்தத் தேய்க்கிறேனே, இந்த பிரஷ்ஷே சார் பல்லு வெளக்கித் தீந்த பழசுதான். தூக்கிப் போட மனசு வருமா அவருக்கு?

கோவமா? அவங்கம்மா முன்னாடி வராது. அந்தம்மாவுக்கு உப்பு ஒரு கல்லு கூடிட்டா தட்ட அப்படியே திருப்பி வச்சிடுவாங்க. உங்க பொண்ணு அனுசரிச்சுப் போவுமா? நான் கேள்விப்பட்டதச் சொல்றேன். கொறட்டையும் உண்டு. மத்தியானம் ஸ்டோர் ரூம்ல கண்ணசந்தா வராண்டா பூரா கேக்கும்ல.

ஐயோ, கம்பி நாரு வேணாம் ஐயா. எடுத்துக் குடுத்தீங்களே, அதுவே பெரிசு. அதப் போட்டா அழுக்கு சட்டுனு போயிடும், ஆனா கீறல் விழும். அப்புறம் அந்தக் கீறல்லதான் துரு ஏறும். சோடா உப்ப வினிகர்ல கொழச்சுப் பூசி, ஊறவிட்டு, பொறுமையாத்தான் எடுக்கணும். நானும் இத்தனை வருஷமாப் பொறுத்துப் பொறுத்து... மெஷினத்தான் சொல்றேன்.

கண்ணா? வினிகர் நெடி ஐயா. வேற ஒண்ணுமில்ல.

போட்டோ வச்சிருக்கீங்களா? இருங்க, கையத் தொடச்சிக்கிறேன். அடடா, சிரிச்ச முகம். ஆசைப்பட்டிருச்சா? நாலு மாசமாப் பேசிக்கிட்டிருக்காங்களா? வயிறு எரியுது ஐயா. இந்தப் பொண்ண நெனச்சுத்தான். அது மேல எனக்கு ஒரு கோவமும் இல்ல. இந்தாங்க, பத்திரமா உள்ள வைங்க, ஈரம் பட்டுடப் போவுது.

இங்க ஒரு சட்டம் இருக்கு, உங்களுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டாங்க. புருஷன் பொண்டாட்டி ஒரே எடத்துல வேலை பாக்கக் கூடாது. தெரிஞ்சா ஒருத்தரு வீட்டுக்குப் போகணும். அதனால சேர்ற அன்னைக்கே, எனக்கு இன்னும் கல்யாணம் ஆகலன்னு சொல்லிட்டுச் சேந்தவங்க உண்டு. பொண்டாட்டிக்காரி எதுக்க வந்தாலும், வணக்கம் சார்னு செவுத்தோரமா ஒதுங்கிப் போவணும். வீட்டுக்கு ரெண்டு சம்பளம் வருதேன்னு அவளும் வாயத் தொறக்க மாட்டா.

என்னங்கய்யா, இப்படி வேர்க்குது? என் பாட்டில்ல தண்ணி இருக்கு, குடிங்க.

ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணலாம்னு சொல்லுவாங்கல்ல? இவருதான் சிக்கனமான ஆளாச்சே. ஒரே பொய்ல ரெண்டு.

அந்தத் தட்டு ஓரத்தக் கொஞ்சம் புடிங்க, மாட்டிடறேன். ஆங், அவ்வளவுதான். நாளைக்குத்தானே உங்க வீட்டுக்கு வர்றேன்னிருக்காரு? ஹெட் ஆபீஸ்ல மீட்டிங்குன்னாரு என்கிட்ட. நீலச் சட்டைதான் வேணும்னு அடம் புடிச்சாருன்னு, காலர் வெறப்பா நிக்கற மாதிரி நேத்தே இஸ்திரி போட்டு மாட்டி வச்சிருக்கேன். போனதும் மொத வேலையா அத எடுத்துத் தண்ணில ஊறப் போடணும்.