தானா வராது

இல்ல தம்பி, ஹிப்னாடிசம்னா கண்ணு முன்னாடி கடிகாரத்தை எல்லாம் ஆட்ட மாட்டாங்க. அது சினிமாவுல. செருப்பை மட்டும் வெளிய கழட்டிருங்க. உள்ள ஒரு சாய்வு நாற்காலி, ஒரு போர்வை, அவ்வளவுதான். போர்வைய வேணாம்னு சொல்லிராதீங்க, கொஞ்ச நேரத்துல உடம்பு சில்லுனு ஆயிரும். நான் மொத தடவை வீறாப்பா வேணாம்னுட்டு, அரைமணி நேரம் பல்லைக் கடிச்சுக்கிட்டுக் கெடந்தேன்.

நீங்க எதுக்கு, சிகரெட்டா? விட்டுரலாம், விட்டுரலாம். எனக்கா? தூக்கம் வரலைன்னு. வீட்ல அப்படித்தான் சொல்லியிருக்கேன்.

மொதல்ல கேள்விதான். என்ன மாத்திரை சாப்பிடறீங்க, வலிப்பு உண்டா, எதுக்குப் பயம், இப்படி. அப்புறம் மூச்சைக் கவனிக்கச் சொல்லுவாங்க. படியில எறங்குற மாதிரி நெனச்சுக்கோங்கன்னு பத்துலேர்ந்து கீழ எண்ணுவாங்க. எனக்குப் படியே வரல. வேனுக்குள்ள நடு வழியில நடக்குற மாதிரிதான் வந்துச்சு. பதினாறு வருஷம் பள்ளிக்கூட வேன் ஓட்டுனவனுக்கு வேற என்ன வரும்? கை அப்படியே கனத்துப் போகும். ஆனா தூங்க மாட்டீங்க. தெருவுல ஹாரன் அடிக்கிறது கூட கேக்கும். எந்திரிக்கணும்னா எந்திரிச்சுக்கலாம், யாரும் கட்டிப்போடல.

என்ன? மனசுல இருக்கறத எல்லாம் உளறிருவோமான்னா? எல்லாரும் இதத்தான் கேக்குறாங்க. ம்ஹூம். சொல்லக்கூடாதுன்னு நெனச்சுட்டா வாயே தொறக்காது. டாக்டரம்மாவே அத சொல்லிருவாங்க. இதோட நாலாவது தடவை வரேன், ஒரு வார்த்தை வரலியே.

அதான் தம்பி எனக்கு ஆத்திரமே. தானா வந்து விழுந்துரும்னு நம்பித்தான் வந்தேன்.

என்னன்னா... எங்க வேன்ல ஒரு ஆயாம்மா. பிள்ளைங்க எறங்குனதும் கடைசி சீட்டு வரைக்கும் நடந்து, குனிஞ்சு பாத்துட்டு, தாள்ல கையெழுத்துப் போடணும். அது அவங்க வேலை. அன்னிக்கு அவங்களுக்கு முட்டி வீங்கி, கம்பியப் பிடிச்சுப் பிடிச்சு நடந்தாங்க. பாவமா இருந்துச்சு. நீங்க பிள்ளைங்களோட எறங்குங்க, கையெழுத்த மட்டும் போட்டுருங்க, கடைசி சீட்ட நான் பாத்துக்கறேன்னேன். நல்ல மனசோடதான் சொன்னேன். வேன் ஓட்டுற எல்லாரும் எப்பவாச்சும் செய்யறதுதானே? ஷெட்டுல வண்டிய நிறுத்திட்டு, சீட்டுல உக்காந்தபடியே கண்ணாடியில ஒரு பார்வை பாத்தேன். காலியாத்தான் தெரிஞ்சுச்சு, பூட்டிட்டுப் போயிட்டேன். படுத்துத் தூங்குற பிள்ள கண்ணாடியில தெரியாது தம்பி. நாலரை வயசு. அன்னிக்குன்னு பாத்து அப்படியொரு வெயில்.

விசாரணையில தாளை நீட்டுனாங்க. அவங்க கையெழுத்து இருந்துச்சு. ஆமாங்கய்யா, ஆயாம்மா பாத்துட்டேன்னு சொன்னாங்கன்னுட்டேன். ஒத்த வரிதான். அவங்க நடந்ததச் சொல்லி அழுதாங்க. யாரு நம்புறா? ஏழு மாசமா உள்ள இருக்காங்க, அந்த முட்டியோட.

இந்தா, உங்களத்தான் கூப்பிடுறாங்க. என்ன அப்படிப் பாக்குறீங்க? போங்க, பயப்பட ஒண்ணுமில்ல. வெளிய போனப்புறம் யார்கிட்டயாச்சும் இதச் சொல்லணும்னு தோணுச்சுன்னா சொல்லிருங்க தம்பி, நான் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன். என்னால முடியல. தீர்ப்பு வர்ற வியாழக்கிழமை.