ஒரு நாள் முன்னாடி

இல்லம்மா, தண்ணியெல்லாம் வேண்டாம். மூணு மாடி ஏறினதுல மூச்சு வாங்குது, வேற ஒண்ணுமில்ல. நீங்க தைங்க, எனக்காக மெஷினை நிறுத்தாதீங்க. அந்தத் துணியை எடுக்க வேண்டாம், ஸ்டூல்ல ஒரு ஓரமா உக்காந்துக்கறேன்.

ஆமா, நான்தான். பேப்பர்ல போட்டிருந்த அதே ஆளு. போட்டோவுல முடி ஜாஸ்தியா இருக்கும், அது பழைய போட்டோ. என்னை வீட்டு வக்கீல்னு சொல்லுவாங்க. கரண்ட் கம்பெனி விலையை ஏத்தணும்னு போய் நின்னா, வீட்டுல இருக்கிறவங்க சார்பா நான் போய் ஏத்தாதேன்னு வாதாடணும். அதுக்கு அரசாங்கம் சம்பளம் குடுக்குது. இத்தனை நாள் அது மட்டும்தான் வேலை. ஒரு வீட்டுல ஒரு குறைன்னா அதுல நான் தலையிட முடியாது. இப்ப சட்டத்தை மாத்திட்டாங்க. போன திங்கக்கிழமையிலேர்ந்து தனித்தனி வீட்டுக்காகவும் நான் கேக்கலாம், கம்பெனி பதில் சொல்லியே ஆகணும்.

அதான் பழைய லெட்டரெல்லாம் எடுங்கன்னு ஆபீஸ்ல சொன்னேன். எங்க டைப்பிஸ்ட் அம்மா கட்டுக்கட்டா கொண்டுவந்து மேஜை மேல வச்சாங்க. நான் தேடினது உங்களுதைத்தான். இதோ. உங்க எழுத்துதானே? அந்த வட்டமா? அது டீ கறை. ஆபீஸ்ல அப்படித்தான்.

என்ன கேட்டிருந்தீங்க, பெருசா ஒண்ணுமில்ல. அப்பாவோட மூச்சு மெஷின் கரண்ட்லதான் ஓடுது, கரண்டை நிறுத்தறதா இருந்தா ஒரு நாள் முன்னாடி சொல்லச் சொல்லுங்க, நான் ஆக்சிஜன் சிலிண்டர் வாங்கி வச்சுக்கறேன். அவ்வளவுதான். நிறுத்தாதீங்கன்னுகூடக் கேக்கல நீங்க.

தெரியும்மா. கீழ சலவைக்கடைக்காரர்கிட்ட வழி கேட்டேன், அவர் சொன்னார். அப்பா போய் எட்டு மாசம் ஆச்சாமே. பட்டப்பகல்ல, கம்பெனி சொல்லாம கரண்டை நிறுத்தின நேரத்துல. நீங்க சிலிண்டருக்கு ஓடியிருந்தீங்களாம். கேட்டதும் திரும்பிப் போயிடலாம்னுதான் பாத்தேன், பொய் சொல்வானேன். பஸ் ஸ்டாப் வரைக்கும் போயிட்டேன். பஸ்ஸும் வந்துச்சு. ஏற மனசு வரல.

அதுவா, நாங்க போட்ட பதில். டிராயர்லயே வச்சிருக்கீங்களா, பாபின் டப்பாவோட? ஆமா, எங்க அதிகாரத்துல இல்லன்னு முத்திரை. என் கையெழுத்துதான். அன்னைக்கு நிலைமைக்கு அது சரியான பதில். சட்டப்படி சரி. உங்க லெட்டரைத் தேடி எடுத்ததுலேர்ந்து ராத்திரி எத்தனை தடவை சொல்லிப் பாத்துட்டேன், சட்டப்படி சரின்னு. சொல்லச் சொல்ல எனக்கே கேவலமா இருக்கு.

அப்பா போனது தெரிஞ்சும் எதுக்கு மேல ஏறி வந்தேன்னா, இந்தத் தெருவுல இன்னும் ரெண்டு வீட்டுல அதே மெஷின் ஓடுதுன்னு சலவைக்கடைக்காரர் சொன்னார். அவங்களுக்காக நான் போய்க் கேக்கலாம். ஆனா, சொல்லாம நிறுத்தினா என்ன ஆகும்னு நடந்ததை வச்சுக் காட்டணும். உங்க லெட்டர் இருந்தா கம்பெனியால வாயைத் திறக்க முடியாது. அதைத்தான் முதல் மனுவா வைக்கணும்னு நினைக்கறேன். நீங்க சம்மதிச்சா, இந்தத் தாள்ல கீழ ஒரு கையெழுத்து.

கேளுங்க, தாராளமா கேளுங்க. இந்தச் சட்டத்தை அப்பவே மாத்தியிருக்கக் கூடாதான்னுதானே? இதெல்லாம் மேல இருக்கிறவங்க முடிவு பண்றதும்மா. அவங்க யோசிச்சு, கமிட்டி போட்டு...

இருங்க. பேனாவைக் கொஞ்சம் கீழ வைங்க. நீங்க இப்படி மறுபேச்சுப் பேசாம கையெழுத்துப் போட வந்தா, நான் எப்படி அதை எடுத்துக்கிட்டுப் படி இறங்குவேன்?

ஒண்ணரை வருஷம் முன்னாடி அந்த மேல இருக்கிறவங்க என்கிட்டதாம்மா கேட்டாங்க. தனி வீட்டுப் புகாரையும் உங்க ஆபீஸ் பாத்துக்குமா, ஆமான்னா அடுத்த மாசமே உத்தரவு போட்டுடறோம்னு. எங்க ஆபீஸ்ல மொத்தம் நாலு பேர். தினமும் வாசல்ல ஜனம் வந்து நிக்கும், யார் மாரடிக்கறதுன்னு நினைச்சேன். தேவையில்லைன்னு ஒரே வரி எழுதி அனுப்பிட்டேன். உங்க அப்பா அப்ப உயிரோட இருந்தார்.

உங்க லெட்டர் அன்னைக்குக் காலையிலதான் வந்துச்சு. படிச்சிட்டேன், ரெண்டு தடவை. அந்த ஒரு வரியை எழுதும்போது டீ கிளாஸை உங்க லெட்டர் மேலதான் வச்சிருந்தேன்.